பகுதி 4 தாள்களை ஒரு துறை எப்படி வடிவமைத்து நடத்துவது: தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் மூன்றாண்டு கலை அறிவியல் பட்டத்துக்குப் பொதுவாக 140 கிரெடிட். சான்றிதழில் பி.எஸ்சி. இயற்பியல் என்று இருந்தாலும் அந்த 140-ஐயும் இயற்பியல் துறை தருவதில்லை. மொழிப்பாடமும் ஆங்கிலமும் சேர்ந்து 24 கிரெடிட். மேஜருக்குத் துணையாக வரும் ஆலைடு தாள்களைக் கணிதத் துறையும் வேதியியல் துறையும் நடத்துகின்றன. நான்-மேஜர் எலெக்டிவ் (என்.எம்.ஈ., அதாவது மாணவர் தன் மேஜர் அல்லாத வேறு துறையில் எடுக்கும் விருப்பத் தாள்), சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி எல்லாம் பட்டப்படிப்பின் ஐந்து பகுதிகளில் பகுதி 4-க்குள் வருகின்றன. எல்லா மாணவருக்கும் பொதுவான இந்தக் கல்வியைத் தனியாக நடத்த ஒரு துறை கிடையாது. எல்லாத் துறைகளும் பங்கு போட்டுத்தான் நடத்த வேண்டும்.

பங்கு போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பெரும்பாலான கல்லூரிகளில் என்.எம்.ஈ. தாள் என்பது ஒர்க்லோடு குறைவாக உள்ளவருக்கு 2 மணி நேரம் சேர்த்துக் கொடுக்கும் வழியாகிவிட்டது. மேஜர் முதலாண்டுத் தாளின் முதல் இரண்டு அலகுகளை வெட்டி, ‘அறிமுகம்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இந்தத் தாளை எடுக்கும் வேறு துறை மாணவர் உங்கள் பாடத்தை வாழ்நாளில் மறுபடி படிக்கப்போவதில்லை. உங்கள் துறைக்கும் அவருக்கும் நடுவே இருப்பது இந்த 30 மணி நேரம் மட்டுமே. கீழே வரும் எல்லா யோசனைகளும் இந்த உண்மையிலிருந்து கிளம்புபவை.

துறைத் தலைவர்கள், பாடத்திட்டக் குழுப் பொறுப்பாளர்கள், முதல் முறையாக என்.எம்.ஈ. வகுப்பு ஒதுக்கப்பட்ட உதவிப் பேராசிரியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. இணைவு பெற்ற, ஆனால் தன்னாட்சி இல்லாத கல்லூரிகளில் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்துவிடும். அங்கே இருப்பவர்கள் ‘இடங்கள், டைம் டேபிள், பதிவு’ என்ற பகுதியிலிருந்து படித்தால் போதும்.

எது யாருடைய பொறுப்பு

ஐந்து பகுதிகளையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பேற்கும் துறையின் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத முடியாமல் காலியாக நிற்கும் இடங்களில்தான் பிற்பாடு தகராறு வரும்.

பகுதி 1 தமிழ் அல்லது பிற மொழி, பகுதி 2 ஆங்கிலம். நான்கு செமஸ்டர், ஒவ்வொன்றிலும் தலா 3 கிரெடிட். ஆனால் வாரத்துக்குத் தலா 6 மணி நேரம். வாரத்தின் 30 மணி நேரத்தில் 12 மணி நேரம் மொழி வகுப்புகளே என்பதால், முதல் இரண்டு ஆண்டுகளின் வகுப்பு நேரத்தில் 40 சதவீதம் தமிழ், ஆங்கிலத் துறைகளின் கையில் இருக்கிறது. கல்லூரியின் பொதுக் கல்வியைப் பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்திலும் இவ்விரு துறைகளும் முதல் வரிசையில் இருக்க வேண்டும்.

பகுதி 3 மேஜரும் ஆலைடும். பகுதி 5 விரிவாக்கப் பணி, 1 கிரெடிட். நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி. போன்றவை இதில் வரும். நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும் 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாம் தேதியில் எந்தத் துறையும் இன்டர்னல் தேர்வு வைக்காமலிருக்க, கல்வி நாட்காட்டி அச்சேறும் முன்பே தேதியைப் பேசி முடித்துவிடுங்கள்.

பகுதி 4-ஐக் கவனமாகப் படிக்க வேண்டும். பள்ளியில் தமிழே படிக்காதவர்களுக்கு அடிப்படைத் தமிழ். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் பிரெஞ்சு, இந்தி போன்ற வேறு மொழியைப் பகுதி 1-இல் எடுத்தவர்களுக்குச் சிறப்புத் தமிழ். மற்ற எல்லாருக்கும் என்.எம்.ஈ. அதாவது இந்த மூன்றில் ஒரு மாணவர் ஒன்றைத்தான் படிப்பார். இவற்றோடு திறன் தாள்கள், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி. மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தை 2023-24 முதல் பின்பற்றும் இடங்களில் என்.எம்.ஈ. முதல் இரு செமஸ்டர்களில் தலா 2 கிரெடிட், 2 மணி நேரமாக, திறன் மேம்பாட்டுத் தாள்களின் வரிசையில் வருகிறது. முதல் செமஸ்டரில் ஃபவுண்டேஷன் கோர்ஸ் ஒன்றும் உண்டு. அதை மேஜர் துறையே தன் மாணவர்களுக்கு நடத்தும். உங்கள் பல்கலைக்கழகத்தின் நடப்பாண்டு ஒழுங்குமுறையை எடுத்து கிரெடிட்டையும் மணி நேரத்தையும் சரிபார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள். போன ஆண்டுச் சுற்றறிக்கையை நம்பி எழுதிய பாடத்திட்டம் கூட்டத்தில் திரும்பி வரும்.

என்ன தாள் கொடுப்பது

துறைக் கூட்டத்தில் ஒவ்வொரு ஆசிரியரிடமும் ஒரு யோசனை கேளுங்கள். வந்த யோசனைகளை மூன்று கேள்விகளால் வடிகட்டுங்கள். பிளஸ் டூவில் இந்தப் பாடத்தைத் தொடாதவருக்கு இது புரியுமா? 30 மணி நேரம் முடிந்ததும் அவர் தானாகச் செய்யக்கூடியது என்ன? இதே விஷயத்தை வேறு துறை ஏற்கெனவே நடத்துகிறதா?

மூன்றாவது கேள்வியைப் பல துறைகள் கேட்பதே இல்லை. கணினி அறிவியல், பி.சி.ஏ., வணிகவியல் மூன்றும் தனித்தனியே ‘அலுவலகக் கணினிப் பயன்பாடு’ நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர் முதல் செமஸ்டரில் ஒரு துறையிலும் இரண்டாம் செமஸ்டரில் இன்னொரு துறையிலும் ஒரே விஷயத்தைப் படித்து 4 கிரெடிட் வாங்கிப் போகிறார். கல்லூரியின் எல்லா என்.எம்.ஈ. தலைப்புகளையும் அலகுத் தலைப்புகளோடு ஒரே பட்டியலாக்கி எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் அனுப்ப ஒருவரைப் பொறுப்பாக்கினால் இது நின்றுவிடும்.

இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் வந்த சில எடுத்துக்காட்டுகள். இயற்பியல் துறை: வீட்டு மின்சாரம். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட் என்பதில் தொடங்கி, இரண்டு மாத மின்கட்டண ரசீதைப் பிரித்துப் படிப்பது, எர்த் எதற்கு, மின்சுற்றைத் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி. ஏன் கீழே விழுகிறது என்பது வரை. புள்ளியியல் துறை: செய்தியில் வரும் எண்கள். ஒரு கட்சியின் வாக்கு 40 சதவீதத்திலிருந்து 44 ஆனால் உயர்வு 4 சதவீதமா 10 சதவீதமா, சராசரி வருமானமும் இடைநிலை (மீடியன்) வருமானமும் ஏன் வேறுபடுகின்றன, ஆயிரம் பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பை எவ்வளவு நம்பலாம். வணிகவியல்: சம்பளச் சீட்டு, பி.எஃப்., வருமானவரிப் படிவம், ஜி.எஸ்.டி. பில். வரலாற்றுத் துறை: ஊர்க்கோயில் கல்வெட்டின் அச்சிட்ட பாடத்தை வைத்துக்கொண்டு, யார் எதைத் தானம் கொடுத்தார், எந்த ஆட்சியாண்டு, நில அளவு என்ன என்று பிரித்தறிவது. இவை எல்லாம் மேஜர் பாடத்திட்டத்தில் இருக்கும் அறிவுதான். ஆனால் தொடங்கும் இடம் வேறு.

தாளை எழுதுவது: ஒரு மாதிரி

வேதியியல் துறை உணவுக் கலப்படம் பற்றி 2 கிரெடிட் தாள் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வாரம் 2 மணி, 15 வாரம், மொத்தம் 30 மணி. ஐந்து அலகு, தலா 6 மணி. இதில் 2 மணி இன்டர்னல் தேர்வுக்கும் 2 மணி விடுமுறை இழப்புக்கும் போகும். ஆகவே 26 மணிக்கு மேல் உள்ளடக்கம் எழுதாதீர்கள். 45 மணி நேரத்துக்கான பாடத்தை 30 என்று போட்டு எழுதுவதுதான் வரைவுகளில் அதிகம் தென்படும் குறை.

அலகு 1 பாலும் எண்ணெயும். அலகு 2 மசாலாப் பொருள்களும் தேயிலையும். அலகு 3 உணவுப் பொட்டலத்தின் லேபிளைப் படிப்பது: சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிலை ஆணையம்) உரிம எண் 14 இலக்கம், உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான ஐ.என்.எஸ். எண்கள் எவற்றைக் குறிக்கின்றன. அலகு 4 பதப்படுத்தலும் நிறமூட்டிகளும். அலகு 5 குடிநீர்.

செய்முறைகளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வெளியிட்டுள்ள ‘டார்ட்’ கையேட்டின் எளிய சோதனைகள் பொருத்தமானவை. பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர், கண்ணாடி டம்ளர், காந்தம், வடிதாள் போதும். மிளகாய்த்தூளைத் தண்ணீர்ப் பரப்பில் தூவினால், செயற்கை நிறம் கலந்திருந்தால் கோடுகோடாக உடனே கீழிறங்கும். மிளகைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அமிழும், பப்பாளி விதை மிதக்கும். தேங்காய் எண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் அரைமணி நேரம் வைத்தால் உறையும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது தனி அடுக்காக நிற்கும்.

பாலில் மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் மட்டும் கவனம் தேவை. 2 அல்லது 3 மில்லி பாலை 5 மில்லி தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பிறகு டிங்சர் அயோடின் 2, 3 சொட்டு விட வேண்டும். நீலம் வந்தால் மாவு இருக்கிறது. அவசரத்தில் சூடாக இருக்கும்போதே அயோடினை விட்டால், மாவு இருந்தும் நிறம் தெரியாது. சூட்டில் அந்த நீலம் மறைந்துவிடும். மாணவர்கள் ‘கலப்படம் இல்லை’ என்று எழுதிக்கொடுப்பார்கள். இதையே வகுப்பில் வேண்டுமென்று ஒரு முறை சூடாகவும் ஒரு முறை ஆறவைத்தும் செய்து காட்டுங்கள். சோதனையின் முடிவு, அதைச் செய்த நிலைமையைப் பொறுத்தது என்பதை வேதியியல் படிக்காத மாணவர் இந்த இரண்டு குழாய்களைப் பார்த்தே புரிந்துகொள்வார். அலகு ஒன்று முழுக்கச் சொல்ல நினைப்பதும் அதுதான். பாலில் சோப்புத்தூள் சோதனையிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: குலுக்கினால் நல்ல பாலிலும் மெல்லிய நுரை வரும், சோப்பு இருந்தால் அடர்த்தியாக வரும். ஒப்பிட நல்ல பால் மாதிரி ஒன்று பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

60 பேர் வகுப்பை ஐந்து ஐந்து பேராக 12 குழுவாக்குங்கள். மேஜர் மாணவர்களின் ஆய்வகம் கிடைக்காது. அந்த நேரத்தில் அங்கே பிராக்டிகல் நடக்கும். எனவே அடுப்பு தேவைப்படும் சோதனையை ஆசிரியர் மேசையில் செய்துகாட்டுவதாகவும் மற்றவற்றை வகுப்பறையில் குழுக்கள் செய்வதாகவும் பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் இரண்டாம் ஆண்டு வேறொருவர் கைக்குத் தாள் மாறும்போது செய்முறை முழுவதும் கரும்பலகைக்குப் போய்விடும்.

தேர்வுக் கேள்வியும் இதே நோக்கில் இருக்க வேண்டும். ‘கடின நீரின் வகைகளை எழுதுக’ என்பதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: ‘ஒரு ஆழ்துளைக் கிணற்று நீரின் அறிக்கையில் மொத்தக் கரைதிடப் பொருள் லிட்டருக்கு 1400 மில்லிகிராம், கடினத்தன்மை 520. இதைக் குடிக்கலாமா? காரணம் எழுதுக.’ இந்தியத் தரநிலை 10500-இன்படி கரைதிடப் பொருளுக்கு ஏற்கத்தக்க அளவு 500, வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 2000 வரை. கடினத்தன்மைக்கு 200, 600. ஏற்கத்தக்க அளவை இரண்டுமே தாண்டியிருக்கின்றன, ஆனால் மாற்று இல்லாத நிலைக்கான உச்சவரம்புக்குள் இருக்கின்றன என்று எழுதும் மாணவர் பாடத்தைப் படித்திருக்கிறார். எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லத் தேவையில்லை. அட்டவணையைக் கேள்வித்தாளிலேயே கொடுத்துவிடலாம்.

பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் தன்னாட்சி விதிகளின்படி துறையின் பாடத்திட்டக் குழுவில் துறைத் தலைவர் தலைவராக இருப்பார். துறை ஆசிரியர்கள் இருப்பார்கள். கல்லூரி முழுமைக்குமான கல்விக் குழு (அகாடமிக் கவுன்சில்) நியமிக்கும் வெளி வல்லுநர்கள் இருவர், முதல்வர் தரும் ஆறு பேர் பட்டியலிலிருந்து துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முதுநிலை முடித்த முன்னாள் மாணவர் ஒருவர். தேவைப்படும்போது முதல்வர் ஒப்புதலோடு வேறு வல்லுநரையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி வசதியை மேஜர் தாள்களுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். பொதுத் தாளுக்குத்தான் அது அதிகம் தேவை. உணவுக் கலப்படத் தாளுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை அழைத்தால் வரைவு ஒரே கூட்டத்தில் திருந்தும்.

வெளி வல்லுநர்கள் மேஜர் தாள்களைப் படித்து முடிக்கும்போது மதியம் ஆகிவிடும். என்.எம்.ஈ. தாள் கடைசி ஐந்து நிமிடத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று போய்விடும். இதைத் தடுக்க எளிய வழி உண்டு: நிகழ்ச்சி நிரலில் என்.எம்.ஈ.-யை முதலில் வையுங்கள். வரைவைக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு அனுப்புங்கள். ‘இது உங்கள் பாடத்தைப் படிக்காதவர்களுக்கு’ என்று முகப்பில் ஒரு வரி எழுதுங்கள். அது இல்லாவிட்டால் நல்லெண்ணத்தோடு வரும் பேராசிரியர், பிணைப்புக் கொள்கைகளையும் வெப்ப இயக்கவியலையும் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போவார். நடவடிக்கைக் குறிப்பில் எதைச் சேர்த்தீர்கள், எதை நீக்கினீர்கள், ஏன் என்பது தாள்வாரியாக இருக்கட்டும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில், பாடத்திட்டம் பற்றிய முதல் அளவுகோலில், பாலினம், சுற்றுச்சூழல், மனித விழுமியம், தொழில் அறம் ஆகியவை பாடத்திட்டத்தில் எங்கே வருகின்றன என்று கேட்பார்கள். பகுதி 4 தாள்களின் குறிப்புகள் சரியாக இருந்தால் அதற்கான பதில் அப்போதே தயார்.

ஜூனில் தொடங்கும் செமஸ்டருக்குப் பாடத்திட்டக் குழுவை பிப்ரவரியிலும் கல்விக் குழுவை ஏப்ரலுக்குள்ளும் முடித்தால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் தாள் எண்களைப் போட நேரம் இருக்கும். தாள் எண் வராமல் வகுப்பு தொடங்கினால் மதிப்பெண் பதிவேற்றத்தில் கண்டிப்பாகக் குழப்பம் வரும்.

இடங்கள், டைம் டேபிள், பதிவு

கணக்கை ஒரு எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஒரு கல்லூரியில் 12 துறைகள். வணிகவியலில் மூன்று பிரிவு, 180 பேர். கணினி அறிவியலில் இரண்டு, 120 பேர். மீதிப் பத்துத் துறைகளில் தலா 60. முதலாண்டில் மொத்தம் 900 பேர். இதில் அடிப்படைத் தமிழும் சிறப்புத் தமிழும் படிப்பவர்கள் 80 பேர் என்றால் என்.எம்.ஈ.-க்கு வருபவர்கள் 820. இந்த 80-ஐக் கழிக்க மறப்பதும், தமிழ்த் துறைக்கு அந்த நேரத்தில் இரண்டு அறைகளும் இரண்டு ஆசிரியர்களும் வேண்டும் என்பதை மறப்பதும் ஆண்டுதோறும் நடக்கின்றன.

‘துறைக்கு ஒரு தாள்’ என்று சமமாகப் பிரித்தால் 12 வகுப்பு, 720 இடம். 100 பேருக்கு இடமில்லை. கடைசி நேரத்தில் ஆள் குறைந்த துறையின் தலையில் 160 பேர் வகுப்பு விழும். எத்தனை பிரிவு மாணவர்களை அனுப்புகிறதோ அத்தனை வகுப்பைத் துறை நடத்த வேண்டும் என்பதே நியாயமான விதி. அப்படியானால் வணிகவியல் மூன்று, கணினி அறிவியல் இரண்டு, மற்றவை தலா ஒன்று. மொத்தம் 15 வகுப்பு, 900 இடம், 80 இடம் உபரி. இந்த உபரி இருந்தால்தான் விருப்பத் தேர்வு என்பதற்குப் பொருள் உண்டு. வணிகவியலுக்கு வாரம் 6 மணி கூடுகிறது. உதவிப் பேராசிரியருக்கான 16 மணி நேரக் கற்பித்தலில் இதை முழுதாகக் கணக்கிட வேண்டும். ‘கூடுதல் பணி’ என்று ஒதுக்கினால் கற்பித்தலும் அப்படியே ஒதுங்கும்.

எல்லா முதலாண்டு வகுப்புகளுக்கும் ஒரே நேரம் வேண்டும். வாரத்தில் இரண்டு தனித்தனி மணிகளைவிட அடுத்தடுத்த இரண்டு மணி நல்லது, ஏனென்றால் மாணவர்கள் வேறு கட்டடத்துக்கு நடந்துபோய் உட்காரவே பத்து நிமிடம் ஆகும். ஷிப்ட் முறையில் நடக்கும் கல்லூரிகளில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனிக்கணக்குப் போடுங்கள்.

யார் எதை எடுக்கக்கூடாது என்பதற்கு எழுத்தில் ஒரு விலக்குப் பட்டியல் தேவை. தன் துறைத் தாளை எடுக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பி.காம். கணினிப் பயன்பாட்டு மாணவர் வணிகவியல் துறை என்.எம்.ஈ.-யை எடுப்பது, பி.சி.ஏ. மாணவர் கணினி அறிவியல் துறையினுடையதை எடுப்பது, வேதியியலை ஆலைடாகப் படிக்கும் இயற்பியல் மாணவர் வேதியியல் என்.எம்.ஈ. எடுப்பது ஆகியவை நழுவிவிடும்.

பதிவில் ‘முதலில் வருபவருக்கு முதலிடம்’ என்று வைக்காதீர்கள். வேகமான இணையம் உள்ளவர் விரும்பியதை எடுப்பார். கிராமத்திலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருப்பவருக்கு மீதமானது கிடைக்கும். பிளஸ் டூ மதிப்பெண் வரிசையும் வேண்டாம். ஐந்து விருப்பங்களை மூன்று நாள் அவகாசத்தில் வாங்கி, குலுக்கல் எண் வரிசையில் ஒதுக்குங்கள். இரண்டாம் செமஸ்டரில் அந்த வரிசையைத் தலைகீழாக்கினால் போதும்.

ஒரு வகுப்பில் ஒரே மேஜர் மாணவர்கள் குவிந்தால் அது கலப்பு வகுப்பாக இருக்காது. எனவே உச்சவரம்பு வையுங்கள். ஆனால் வைக்கும் முன் கணக்குப் பாருங்கள். மேலே சொன்ன கல்லூரியில் வணிகவியல் மாணவர்கள் செல்லக்கூடியவை 12 வகுப்புகள். வரம்பு 15 என்றால் 180 இடம்தான். கிட்டத்தட்ட நெகிழ்வே இல்லை. வரம்பை 20 ஆக்கினால் 240 இடம் வரும், விருப்பமும் நிறைவேறும்.

முதல் பத்து வேலை நாளுக்குள் ஒரு முறை மாற்றிக்கொள்ள அனுமதி கொடுத்து, பிறகு பட்டியலைப் பூட்டிவிடுங்கள். மாறியவரின் வருகைப்பதிவு பழைய வகுப்பில் இருக்கும். அதைப் புதிய பட்டியலுக்கு எடுத்தெழுதும் பொறுப்பு யாருக்கென்று சுற்றறிக்கையில் சொல்லாவிட்டால், செமஸ்டர் முடிவில் 75 சதவீதம் வரவில்லை என்று அந்த மாணவர் அலைவார்.

வகுப்பறையில்

கலப்பு வகுப்பின் முதல் சிக்கல் பாடமல்ல, பயிற்றுமொழி. தமிழ்வழி பி.ஏ. மாணவரும் ஆங்கிலவழி பி.எஸ்சி. மாணவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இரு மொழியிலும் விளக்குங்கள், கேள்வித்தாளை இரு மொழியிலும் அச்சிடுங்கள், விடையை எந்த மொழியிலும் எழுதலாம் என்று முதல் நாளே அறிவியுங்கள். மொழிபெயர்த்த கேள்வியைத் துறைக்குள் இன்னொருவர் படித்துப் பார்ப்பது கட்டாயம். கலைச்சொல் தவறினால் கேள்வியே மாறிவிடும். குழு பிரிக்கும்போது ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது மூன்று மேஜர்கள் இருக்கட்டும்.

பல கல்லூரிகளில் வகுப்புத் தரம், ரேங்க் கணக்கில் பகுதி 4 மதிப்பெண் சேர்வதில்லை. தேர்ச்சி பெற்றால் போதும். மாணவர்கள் இதைச் சீனியர்களிடமிருந்து இரண்டாம் வாரத்திலேயே தெரிந்துகொள்வார்கள். மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டி ஆர்வத்தை வரவழைக்க முடியாது. இன்டர்னலுக்கு வீட்டிலோ தெருவிலோ செய்துவரும் வேலையைக் கொடுப்பது பலன் தருகிறது: மூன்று கடைகளின் மிளகாய்த்தூளைச் சோதித்த ஒரு பக்க அறிக்கை, வீட்டு மின்கட்டண ரசீது, ஊர்க் குடிநீர்த் தொட்டியின் பராமரிப்பு விவரம். ஆனால் தேர்ச்சி இல்லாவிட்டால் பட்டமே இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். கடைசி செமஸ்டரில் வேலை கிடைத்த பிறகு முதலாண்டு என்.எம்.ஈ. அரியரால் சான்றிதழ் தடைபட்டு நிற்பவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். வகுப்பாசிரியர்கள் மேஜர் அரியரை மட்டும் பார்ப்பதால் இது கண்ணில் படுவதில்லை. மூன்றாம் செமஸ்டர் தொடங்கும்போதே பகுதி 4 அரியர் பட்டியலைத் தேர்வு அலுவலகத்திலிருந்து வாங்கி மேஜர் துறைக்கு அனுப்பும் வழக்கம் வேண்டும்.

இன்டர்னல் மதிப்பெண்ணை என்.எம்.ஈ. ஆசிரியர்தான் பதிவேற்ற வேண்டும். மேஜர் துறை வழியாகக் கைமாற்றினால் தாள் எண் மாறிப்போகும். மாநில அரசின் திறன் பயிற்சித் திட்டமான ‘நான் முதல்வன்’ படிப்புகளில் மதிப்பெண் வெளியிலிருந்து வருவதால், எந்தத் தேதிக்குள் வர வேண்டும், வராவிட்டால் என்ன செய்வது என்பதை ஒருங்கிணைப்பாளரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் செமஸ்டர் தொடக்கத்திலேயே எழுதி முடித்துக்கொள்ள வேண்டும்.

சுற்றுச்சூழல் கல்வி: யாருக்கும் சொந்தமில்லாத தாள்

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவின் தொடர்ச்சியாக இது எல்லா இளநிலை மாணவர்க்கும் கட்டாயமானது. மானியக் குழுவின் பொதுப் பாடத்திட்டம் 50 மணி நேரத்துக்கு எழுதப்பட்டது: 45 வகுப்பு, 5 களப்பணி. நம் கல்லூரிகளில் பெரும்பாலும் இதற்குக் கிடைப்பது 2 கிரெடிட், 30 மணி. அதே எட்டு அலகுகளையும் முதலிலிருந்து நிதானமாக நடத்தினால், மாசுபாட்டோடு செமஸ்டர் முடியும். சமூகச் சிக்கல்கள், மக்கள்தொகை என்ற கடைசி அலகுகளும் களப்பணியும் நடக்காது. இழப்பீடு, இடப்பெயர்வு, சட்டங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மூல மணிகள் 2, 8, 6, 8, 8, 7, 6, 5. இதை 30-க்குச் சுருக்கினால் 1, 5, 4, 5, 5, 4, 3, 3 என்று வரும். இந்த எண்களைப் பாடத்திட்டத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.

அலகுக்கு ஒரு துறை என்று ஏழு ஆசிரியர்களை ஒரே வகுப்புக்கு அனுப்பும் ஏற்பாடு கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் தோற்கும். வருகைப்பதிவுக்கும் இன்டர்னலுக்கும் யாரும் பொறுப்பில்லாமல் போகும். ஒரு வகுப்புக்கு ஒரே ஆசிரியர் இருக்கட்டும், எந்தத் துறையாக இருந்தாலும் சரி. தாவரவியல், விலங்கியல், பொருளியல், வேதியியல் துறைகள் சேர்ந்து பொதுப் பாடக்குறிப்பும் கேள்வி வங்கியும் தயாரித்து, செமஸ்டர் தொடங்கும் முன் அந்த ஆசிரியர்களுக்கு அரைநாள் விளக்கம் கொடுக்கட்டும். களப்பணிக்குத் தொலைவாகப் போக வேண்டாம். கல்லூரிக்குப் பக்கத்து ஏரி, கல்லூரி விடுதியின் ஒரு நாள் உணவுக்கழிவு எடை, வளாகத்தின் ஆழ்துளைக் கிணறுகள் ஆகியவையே 3 மணிக்குப் போதும்.

ஆலைடு

இது பகுதி 3-இல் இருந்தாலும் துறைகளுக்கிடையேயான கொடுக்கல் வாங்கல்தான். இங்கே தோன்றும் குறை எப்போதும் வரிசை பற்றியது. இயற்பியல் துறை முதல் செமஸ்டர் இயக்கவியலில் வகைக்கெழுச் சமன்பாட்டைப் பயன்படுத்தும். கணிதத் துறை அதை இரண்டாம் செமஸ்டர் ஆலைடில் நடத்தும். ஆலைடு பெறும் துறை ‘எந்தக் கருத்து எந்த வாரத்துக்கு முன் வேண்டும்’ என்று ஒரு பக்கப் பட்டியலை, ஆலைடு நடத்தும் துறைக்குக் கொடுத்து, அந்தத் துறையின் பாடத்திட்டக் கூட்டத்தில் ஒருவர் உட்கார்ந்தால் இது ஒரே முறையில் தீரும்.

தாளைத் திருத்துவதும் நிறுத்துவதும்

ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் நான்கு விவரங்களைச் சேருங்கள்: முதல் விருப்பமாகக் கேட்டவர் எத்தனை பேர், வருகை சராசரி, மேஜர்வாரியாகத் தேர்ச்சி, எந்த அலகு நடத்தாமல் விடுபட்டது. மேஜர்வாரித் தேர்ச்சி மிக முக்கியம். ஒட்டுமொத்தம் 90 சதவீதமாக இருந்தாலும் தமிழ்வழி மாணவர்கள் மட்டும் 70-இல் நின்றால், கோளாறு கேள்வித்தாளின் மொழிபெயர்ப்பில் இருக்கக்கூடும். அதை முதலில் பாருங்கள். நான்காவது விவரத்தை ஆசிரியர்கள் தயங்காமல் சொல்ல வேண்டுமானால் அது யார்மீதும் குறையாக எழுதப்படக் கூடாது. இரண்டு ஆண்டு தொடர்ந்து ஒரே அலகு விடுபட்டால் பாடத்திட்டம்தான் பெரிது என்று பொருள்.

மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது தாளை முழுதாகத் திருத்துங்கள். பொட்டல லேபிள் விதிகள், மின்கட்டண விகிதம், வருமானவரி வரம்பு போன்றவை மாறிக்கொண்டே இருப்பதால், எண்களைப் பாடத்திட்டத்தில் எழுதாமல் ‘நடப்பாண்டு’ என்று மட்டும் எழுதினால் ஆண்டுதோறும் கூட்டம் போட வேண்டியிருக்காது. தாளை நிறுத்தும்போது பழைய எண்ணில் அரியர் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கையைத் தேர்வு அலுவலகத்தில் கேட்டு, அவர்களுக்குப் பழைய பாடத்திட்டத்தில் எத்தனை முறை தேர்வு நடத்தப்படும், அதன்பின் எந்தப் புதிய தாள் அதற்கு ஈடாகக் கொள்ளப்படும் என்பதை அதே தீர்மானத்தில் சேர்த்துக் கல்விக் குழுவில் நிறைவேற்றுங்கள். ஈடு சொல்லாமல் நிறுத்திய தாளுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கச் சொல்லி, அதை நடத்திய ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகும் துறைக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கும்.